வெயிட்டிங் ரூம் பெஞ்சுல நாலு அம்மாமாரு

கேள்வி: அக்கா, எங்க வீடு வேலந்தாவளம் பக்கம், கேரளா பார்டர். பையனுக்கு நாலரை வயசு, போன வருஷம் ஆட்டிசம்னு சொன்னாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் ஏறி கோயமுத்தூர் கூட்டிட்டுப் போறேன், பிஹேவியர் தெரபி, மணிக்கு 600 ரூபா. வாரம் 40 மணி நேரம் குடுத்தாத்தான் பலன் தெரியும்னு சென்டர்ல சொல்றாங்க. வீட்டுக்காரரு லேத் பட்டறைல வேலை, நான் எங்க போவேன். வெளிய உக்காந்திருக்கறப்ப எங்க சுத்துப்பக்கத்துல இருந்தே இன்னும் மூணு அம்மாமாரு வர்றது தெரிஞ்சுது. நாலு பேரும் சங்கம் மாதிரி ஆரம்பிச்சு கவர்மெண்ட்டுகிட்ட ஏதாச்சும் கேக்கலாமான்னு ஒரு யோசனை. ஆனா இங்க ஆபீஸ்ல மலையாளத்துல எழுதிட்டு வான்றாங்க, கோயமுத்தூர் போனா நீங்க கேரளாக்காரங்கன்றாங்க. தெரபிஸ்ட் வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்றாங்க, மாமியாருக்கு அது ஒரு வார்த்தை தெரியாது. வீட்டுக்காரரு ஊருக்கெல்லாம் தெரிஞ்சுரும்னு பயப்படறாரு. என்ன பண்றதுக்கா?
- பேர் வேண்டாம், வேலந்தாவளம்

பதில்:

அம்மிணி, மொதல்ல அந்த 40ஐ கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 24,000 ரூபா. மாசம் ஒரு லட்சத்த தொட்டுரும். லேத் பட்டறை வருமானத்துல இத யாரு கட்டுவா, கட்ட முடியலன்னா நம்ம பிள்ளைய நாமளே கெடுத்துட்டோமோன்னு ராத்திரி தூக்கம் வராது, எனக்குத் தெரியும், நானும் படுத்திருக்கேன் அப்பிடி.

அந்த 40 எங்க இருந்து வந்துச்சு தெரியுங்களா? அமெரிக்கால லோவாஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1987ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாரு. வாரம் 40 மணி நேரம், வருஷக்கணக்குல, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா ஆள் வெச்சு பயிற்சி. மொத்தம் 19 பிள்ளைக, அதுல 9 பேரு சாதாரண வகுப்புல சேர்ந்து படிச்சாங்கன்னு எழுதினாரு. அந்த ஒரு பேப்பர்தான் உலகம் பூரா சுத்தி இப்ப உங்க சென்டர் வரைக்கும் வந்திருக்கு. அதுக்கப்பறம் அதுல என்னென்ன ஓட்டைன்னு நெறைய பேரு எழுதிட்டாங்க, அந்தக் காலத்துல பிள்ளைகள அதட்டறது, அடிக்கறது கூட தெரபில சேர்த்தியா இருந்துச்சு, அப்பிடி வளர்ந்த ஆட்டிசக்காரங்களே பெரியவங்களானதும் இதெல்லாம் எங்களுக்கு எப்பிடி வலிச்சுதுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதனால 40ங்கறது வேதவாக்கு இல்ல. குடுக்க முடியலையேன்னு வெசனப்படாதீங்க.

பிஹேவியர் தெரபியே வேண்டாம்னு சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க, எம்பையனுக்கு அது ஒதவிருக்கு. கெடுத்தும் இருக்கு. ரெண்டையும் சொல்லிடறேன்.

அவனுக்கு அஞ்சு வயசுல ஒரு சென்டர்ல சேர்த்தோம். கதவ சாத்திக்குவாங்க, பேரண்ட்ஸ் உள்ள வந்தா பிள்ளை டிஸ்ட்ராக்ட் ஆயிருவான்னாங்க, நானும் பெரிய படிப்பு படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வெளிய உக்காந்து மல்லிப்பூ கட்டிட்டு இருப்பேன். மூணு மாசத்துல பையன் கை கட்டி உக்கார பழகிட்டான். ஒறம்பரை எல்லாம் பாராட்டுனாங்க. அப்பறம் ஒரு கல்யாணத்துல, பந்திக்கு முன்னாடி, யாரோ அவனப் பார்த்து கை கட்டுடா தங்கம்னாங்க. கை கட்டிட்டான். கண்ணுல தண்ணி வருது, முட்டி ரெண்டும் நடுங்குது, எந்திரிக்கல. எனக்குப் புரியவே இல்ல. கால் வழியா மூத்திரம் எறங்கி பட்டு வேட்டி நனைஞ்சதுக்கப்பறந்தான் புரிஞ்சுது. எந்திரிக்காம உக்கார சொல்லிக் குடுத்தவங்க பாத்ரூம் போகணும்னு கேக்க சொல்லிக் குடுக்கல. அந்தக் கதவத் தட்டாம விட்டது என் தப்பு.

அப்பறம் இன்னொரு டீச்சர் கிடைச்சாங்க. அந்தம்மா ஒரு 40 பக்க நோட்டு வாங்கச் சொல்லி மூணு கோடு போட வெச்சாங்க. முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணான், பண்ணதுக்கு அப்பறம் என்ன கிடைச்சுது. அவ்வளவுதான். அப்ப அவன் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரிகிட்ட வந்தா கீழ விழுந்து பொரளுவான், நாங்க பப்ஸுக்கு அடம் பிடிக்கறான்னு பப்ஸ் வாங்கிக் குடுப்போம், அத வாங்காம வீசுவான், ஊரே வேடிக்கை பாக்கும். ரெண்டு வாரம் எழுதிட்டு நோட்ட திருப்பிப் பார்த்தா, காலைல அந்த வழியா போன அன்னிக்கெல்லாம் ஒண்ணுமே இல்ல, சாயங்காலம் மட்டுந்தான் இந்தக் கூத்து. பேக்கரிய ஒட்டுன மாதிரி ஒரு ஜூஸ் கடை, அது மத்தியானத்துக்கு மேலதான் தொறப்பாங்க. மிக்ஸி சத்தம். பிள்ளை காது வலிக்குதுன்னு அழுதிருக்கான், நாங்க வாயில பப்ஸ திணிச்சிருக்கோம். ரோட்டுக்கு அக்கட்ட பக்கம் நடந்தோம், காதுல கை வெச்சு காட்ட பழக்குனோம், தீந்துது. இதுவும் பிஹேவியர் தெரபிதான்.

அதனால உங்க சென்டர்ல ரெண்டே கேள்வி கேளுங்க. நான் உள்ள உக்காந்து பாக்கலாமா, இந்த மாசம் அவனுக்கு என்ன கேக்க சொல்லிக் குடுக்கறீங்க. அப்பிடியே ஆர்சிஐ, அதான் இந்த மாதிரி வேலை பாக்கறவங்கள பதியற மத்திய அரசு கவுன்சில், அதோட ரெஜிஸ்டர் நம்பர் இருக்கான்னும் கேளுங்க, ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட் எல்லாம் அதுல பதிவு பண்ணிருக்கணும். உள்ள விடமாட்டோம்னா அங்க போகாதீங்க.

இங்கிலீஷ் விஷயம். இத படிச்சுட்டு எனக்கு கோவமே வந்துருச்சு. ரெண்டு பாஷை காதுல விழுந்தா ஆட்டிசம் இருக்கற பிள்ளைக்கு பேச்சு தள்ளிப் போகும்ங்கறதுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்ல, பல நாட்டுல பார்த்துட்டாங்க. அங்கன்வாடில மலையாளம், வீட்டுல தமிழ், நம்ம பக்கத்து பிள்ளைக எல்லாமே அப்பிடித்தான் வளருது. அப்பத்தா வா சாமி சோறு உங்கலாம்னு கூப்பிடறத நிறுத்திட்டா அந்தப் பிள்ளைகிட்ட நாள் பூரா பேச யாருங்க இருக்கா?

சரி, சங்கத்துக்கு வருவோம். நாலு பேரு போதும். சும்மா ஆறுதலுக்கு சொல்லல, 1965ல அமெரிக்கால மொதல் ஆட்டிசம் சங்கத்த ஆரம்பிச்சதே பெத்தவங்கதான், ரிம்லாண்டுன்னு ஒருத்தரு, சைக்காலஜிஸ்ட், அவருக்கே ஆட்டிசத்தோட ஒரு பையன். அப்பல்லாம் அம்மா பாசம் காட்டாததுனாலதான் பிள்ளைக்கு இப்பிடின்னு டாக்டர்களே சொல்லிட்டு இருந்தாங்க, அந்தப் பேச்ச ஒடைச்சதுல அவருக்கு பெரிய பங்கு. டெல்லில ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் 1991ல தொடங்குனதும் ஒரு அம்மாதான், மெரி பரூவா. நம்ம நாட்டுல 1995ல வந்த ஊனமுற்றோர் சட்டத்துல ஆட்டிசம்ங்கற பேரே கிடையாது, இவங்களெல்லாம் நடையா நடந்து ஆட்டிசம் மாதிரி குறைபாடு இருக்கறவங்களுக்குன்னு 1999ல வந்த நேஷனல் ட்ரஸ்ட் சட்டத்துல பேரு வந்துச்சு, 2016ல வந்த புது மாற்றுத்திறனாளி சட்டத்துல 21 வகைல ஒண்ணா உக்காந்துச்சு. அந்த நேஷனல் ட்ரஸ்ட் சட்டத்துல பெத்தவங்க சங்கம்னு எழுதியே வெச்சிருக்காங்க, நீங்க ஒண்ணும் புதுசா கெளப்பலன்னு வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்க.

பார்டர் தொல்லைக்கு வர்றேன். யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வாங்கியாச்சுங்களா? லெட்டர்ல அதப் பத்தி ஒண்ணும் இல்ல. வீட்டு அட்ரஸ் பாலக்காடு மாவட்டம்னா அங்கயே விண்ணப்பம் போடுங்க, அதோட வர்ற மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இந்தியா பூராவும் செல்லும்னு சட்டத்துலயே இருக்கு. இசான்னு ஒரு டெஸ்ட் வெப்பாங்க, 40 கேள்வி, 70 மார்க்கோ அதுக்கு மேலயோ வந்தா ஆட்டிசம்னு எடுத்துக்குவாங்க, சலுகைக்கு 40 சதவீதம் குறைபாடுன்னு இருக்கணும். இந்த 40 நம்மள விடாது போல! பிள்ளை நல்லா இருக்கான்னு காட்டற ஆசைல அன்னிக்கு கூட்டிச் சொல்லாதீங்க, மோசமான நாள்ல எப்பிடி இருப்பானோ அத சொல்லுங்க. கார்டு வந்ததும் நேஷனல் ட்ரஸ்டோட நிராமயா ஹெல்த் இன்சூரன்ஸ் போடுங்க, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு.

மலையாளத்துல எழுதிட்டு வான்னு சொன்னா சண்டை போடாதீங்க. அரசியல் சட்டம் 350ன்னு மனுவோட தலைல எழுதி தமிழ்லயே குடுங்க. குறைய சொல்லி எந்த அதிகாரிக்கும் மனு போடறப்ப நாட்டுலயோ அந்த மாநிலத்துலயோ வழக்கத்துல இருக்கற எந்த பாஷைலயும் போடலாம்னு அதுல இருக்கு. கூட ஒரு மலையாளக் காப்பியும் பின் பண்ணிருங்க, பாவம் அங்க இருக்கற கிளார்க்குக்கும் வேலை ஆகணுமில்ல.

என்ன கேக்கறதுங்கறதுதான் முக்கியம். நெறைய சங்கங்க இங்கதான் கவுந்துருது. மொதல் மனுவுலயே ஏக்கர் கணக்குல எடம், பில்டிங், வேன் எல்லாம் கேட்டுட்டு, மந்திரி கூட போட்டோ எடுத்துட்டு, அஞ்சு வருஷம் கழிச்சும் அஸ்திவாரக் கல்லு மட்டும் நிக்கும். நீங்க சின்னதா கேளுங்க. மாவட்டத்துக்கு ஒண்ணு டிஇஐசின்னு சின்னப் பிள்ளைகளுக்கான சென்டர் இருக்கு, அங்க இருந்து தமிழ் பேசற ஒரு தெரபிஸ்ட் வாரத்துல ஒரு நாள் கொழிஞ்சாம்பாறைக்கு வரணும், பிள்ளை கூட அம்மாவையும் உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கணும். இவ்வளவுதான் மனு. இது நடக்காத காரியம் இல்ல, கோவாலயும் பாகிஸ்தான் ராவல்பிண்டிலயும் பெரிய ஸ்பெஷலிஸ்ட் இல்லாம பயிற்சி குடுத்த ஹெல்த் வொர்க்கருங்களே வீட்டுக்குப் போயி, அம்மா பிள்ளை வெளையாடறத வீடியோ எடுத்து அத வெச்சே சொல்லிக் குடுத்தாங்க, பிள்ளைக தானா பேச்செடுக்கறது கூடுச்சுன்னு 2016ல ஆராய்ச்சி வெளியாச்சு. அதுக்கும் மேல டவுட்டுன்னா ஷொரணூர் கவளப்பாறைல இக்கான்ஸ்னு பேச்சு, மூளை சம்பந்தமான அரசு நிறுவனம் இருக்கு, உங்க மாவட்டந்தான், வருஷத்துக்கு ஒருக்கா அசெஸ்மென்ட்டுக்குப் போயிட்டு வரலாம்.

ஆபீஸ்ல மொதல் கேள்வி எத்தன பிள்ளைகன்னுதான் வரும். நாலுன்னா சிரிச்சு அனுப்பிருவாங்க. ஆஷா அக்காமாரையும் அங்கன்வாடி டீச்சரையும் புடிங்க, எந்த வீட்டுல பிள்ளை வெளிய வராம இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு தாள்ல வயசு, ஊரு, எங்க தெரபிக்குப் போறாங்க, மாசம் பஸ்ஸுக்கு எவ்வளவு, ஒரு நாள் கூலி எவ்வளவு போகுதுன்னு எழுதுங்க. பேரு வேண்டாம், பேரு எழுதுனாத்தான் உங்க வீட்டுக்காரரு மாதிரி ஆளுங்க ஓடுவாங்க, பிள்ளைக அழுகற வீடியோவ எந்த குரூப்புலயும் போட விடாதீங்க. அந்தத் தாள எடுத்துட்டு மாற்றுத்திறனாளிக கிராமசபைக்குப் போங்க, கேரளால பஞ்சாயத்து பிளான் பண்டுல இவங்களுக்குன்னு ஒதுக்குவாங்க, மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைகளுக்கான பட்ஸ் ஸ்கூலெல்லாம் அப்பிடி பஞ்சாயத்து மூலமா வந்ததுதான். அங்கயும் நடக்கலன்னா மாநில மாற்றுத்திறனாளி கமிஷனருக்கு தபால்ல போடுங்க, ஆபீஸருகள கூப்பிட்டு விசாரிக்கற அதிகாரம் அவருக்கு உண்டு.

ரெஜிஸ்டர் பண்றதுக்கு அவசரம் இல்ல. ஏழு பேரு சேர்ந்தா பண்ணிக்கலாம், அதுக்குள்ள ஆறு மாசம் சும்மா மாசத்துக்கு ஒருக்கா ஒட்டுக்கா உக்காருங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டு. யாரோ ஒருத்தரு ஸ்டெம் செல், ஸ்பெஷல் பாலு, கசாயம்னு கொண்டாருவாங்க, கட்டாயம் வருவாங்க, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்ல ஐசிஎம்ஆர், அதான் மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஒத்துக்கலன்னு ஒரே வார்த்தைல அனுப்பிருங்க. பேசற பிள்ளையோட அம்மாவும் பேசாத பிள்ளையோட அம்மாவும் ஒருத்தர ஒருத்தரு அளக்கறதும் நடக்கும், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

வீட்டுக்காரர சங்கத்துக்கு வாங்கன்னு கூப்பிடாதீங்க, வரமாட்டாரு. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் மாட்டணும், கொக்கி வெல்டு வைக்கத் தெரிஞ்ச ஆளு வேணும், வெளிய கேட்டா 500 கேக்கறாங்கன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு எலக்ட்ரீசியன், எங்க சங்கத்துக்கு பேன் மாட்ட வந்தவருதான், இப்ப பதிமூணு வருஷமா சங்கத்து கணக்கு நோட்டு அவருகிட்டத்தான் இருக்கு.