லோரி மேல் பிரியம் உள்ள மகளை என்ன படிக்க வைக்கலாம்?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

லோரி மேல் உயிராக இருக்கும் மகள் வண்டிகளைப் பற்றி எழுதும் வேலைக்கே போக ஆசைப்படுகிறாள், அவளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கார், லோரிகளைப் பற்றி எழுதுவது உண்மையான வேலைதான். நம் மலேசியாவில் அதைச் செய்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இடங்கள் குறைவு, தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது. அதனால் மகளைத் தடுக்கவும் வேண்டாம், அந்த ஒரே வேலையை நம்பி உட்காரவும் விட வேண்டாம். படிப்பில் முதலில் வண்டியைக் கற்கட்டும். எழுதுவதற்குப் பட்டம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்கட்டும்.

நீங்கள் கடிதத்தோடு வைத்து அனுப்பிய அவளுடைய கட்டுரையைப் படித்தேன். அப்பா ஓட்டும் செம்பனைக் குலை லோரியைப் பற்றி மலாயில் எழுதியிருக்கிறாள். முதல் பாதியில் 'கம்பீரமான', 'ஆற்றல் மிக்க' என்றெல்லாம் வருகிறதே, அதெல்லாம் விற்பனைத் தாளில் இருந்து வந்தவை. அதை யாரும் எழுதலாம், இப்போது இயந்திரமே எழுதிவிடுகிறது. ஆனால் மழை பெய்த மறுநாள் செம்மண் மேட்டில் ஏறும்போது அப்பா ஏன் முன்கூட்டியே கியரைக் குறைக்கிறார், பாதி மேட்டில் கியர் மாற்றினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறாளே, அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அதை எழுத பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கவனித்திருக்க வேண்டும். அந்தக் கவனம் அவளிடம் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். புதிய வண்டி அறிமுகமாகும் நாளில் போய்ச் செய்தி எழுத வேண்டும். நிறுவனம் சில நாள் கொடுக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்து நிறை குறை சொல்ல வேண்டும். படம், காணொளி எடுக்கத் தெரிய வேண்டும். சாலை வரி, காப்பீடு, சர்வீஸ் செலவு, பழைய வண்டியின் மறுவிற்பனை விலை என்று கணக்குப் போடவும் தெரிய வேண்டும். 'பால் டான்' (paultan.org) போன்ற பெரிய வாகனச் செய்தித் தளங்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதுகின்றன. லோரி, பேருந்துத் தொழிலுக்கென்றே 'ஏஷியன் டிரக்கர்' என்ற இதழும் இருக்கிறது. வாசகர்கள் கூட்டம் கூட்டமாகப் படிப்பது கார் செய்தியைத்தான். லோரியைப் பற்றி, அதுவும் ஓட்டுநர் பக்கம் நின்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் மகளுக்கு அங்கேதான் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவளுக்கு வீட்டிலேயே கிடைக்கும் விஷயங்களைப் பாருங்கள். வெட்டிய குலை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் விழும். ஆக, ஒரு லோரி பாதி வழியில் படுத்துவிட்டால் அது ஓட்டுநரோடு முடிகிற பிரச்சினை இல்லை, தோட்டத்தையும் ஆலையையும் சேர்த்துத்தான் பாதிக்கிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியபோது, யாருக்கு மானிய அட்டை கிடைத்தது, யார் கைக்காசு போட்டார்கள், வாடகை எப்படி மாறியது என்று எழுத எத்தனை வீட்டுக் கதைகள் இருந்தன! லோரிக் கதவில் பெயிண்டால் எழுதியிருக்கும் வெற்று எடை, பாரத்தோடு சேர்த்த எடை ஆகியவற்றில் தொடங்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் பரிசோதனை, மேல் ரப்பரைப் புதுப்பித்த ரீட்ரெட் டயர், அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்லும் நெருக்கடி வரை ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. நகரத்தில் வளர்ந்த எழுத்தாளர் இதையெல்லாம் யாரையாவது தேடிப்பிடித்துத்தான் கேட்க வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். நீங்கள் இருக்கும் சிலிம் ரிவருக்குப் பக்கத்திலேயே, பேராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வுக்குப் பிறகு அங்கே இயந்திரவியல் டிப்ளோமா படிப்பதைத்தான் முதல் வழியாகச் சொல்வேன். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் கையால் தொட்டுக் கற்றவள் எழுதும்போது நிறுவனத்துக்காரர் சொல்வதை அப்படியே நம்ப மாட்டாள், திருப்பிக் கேட்பாள். அரசு பாலிடெக்னிக் கட்டணமும் தனியார் கல்லூரியைவிட மிகக் குறைவு. கணிதமும் அறிவியலும் நன்றாக வரவில்லை, மொழிதான் வருகிறது என்றால், ஆறாம் படிவம் முடித்து பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறைக்கு முயலலாம். இல்லாவிட்டால் கம்பாரில் உள்ள யூடார் (துங்கு அப்துல் ரஹ்மான்) பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கலாம். அப்படிப் போனாலும் விடுமுறையில் ஒரு போமனிடம் (மெக்கானிக்கிடம்) பட்டறையில் நிற்கட்டும். யூடார் தனியார் என்பதால் பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடன் எடுக்க வேண்டி வரலாம். கையெழுத்துப் போடும் முன் மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டிப்ளோமாவை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எழுத்து வேலை கிடைக்கத் தாமதமானால் கையில் ஒரு தொழில் இருக்கும். தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை உங்களுக்கு எவ்வளவு பக்கம்! 2017இல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காடு பங்கை வாங்கிய பிறகு அங்கே எக்ஸ்70 போன்ற புதிய வண்டிகளும் பாகங்கள் பொருத்தித் தயாரிக்கப்படுகின்றன. வண்டித் தொழிலிலேயே எழுதத் தெரிந்தவர்களுக்கு வேறு இருக்கைகளும் இருக்கின்றன. சர்வீஸ் கையேடு எழுதுவது, ஓட்டுநர்களுக்குப் பயிற்சிக் குறிப்பு தயாரிப்பது, லோரி விற்கும் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு, காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது, எல்லாவற்றிலும் நிலையான சம்பளம் உண்டு. உங்கள் கடிதத்தில் 'எழுதி என்ன சாப்பிடுவாள்' என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு என் பதில் இந்த வேலைகள்தான்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மலாயும் ஆங்கிலமும் இரண்டும் நன்றாக வர வேண்டும். அவளுடைய மலாய் இப்போதே நன்றாக இருக்கிறது. ஆங்கிலம்தான் தடுமாறுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தினமும் ஒரு வாகனச் செய்தியை ஆங்கிலத்தில் படித்து, பார்க்காமல் ஐந்து வரியில் திருப்பி எழுதச் சொல்லுங்கள். பிடித்த விஷயம் என்பதால் டியூஷன் புத்தகத்தைவிட வேகமாக ஏறும். தமிழையும் விட்டுவிட வேண்டாம். நம் தமிழ் நாளிதழ்களில் கார் வாங்குவதைப் பற்றித் தெளிவாக எழுத ஆள் தேவை. 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோதும், 1994இல் பெரோடுவா கான்சில் வந்தபோதும் தோட்டத்துக் குடும்பங்கள் முதன்முதலாகக் காருக்கு ஆசைப்பட்டன. இன்றைக்கு ஒன்பது ஆண்டுக் கடனில் வண்டி எடுக்கிற பிள்ளைகளுக்கு, மொத்த வட்டி எவ்வளவு என்று தமிழில் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? அதை ஒரு பெண் நம் ஊரிலிருந்து எழுதினால் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்.

பெண் பிள்ளை, லோரி, பட்டறை, இரவு நிகழ்ச்சி என்று உங்கள் மனதில் ஓடுவது புரிகிறது. அறிமுக விழாக்கள் பெரும்பாலும் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் பக்கம் நடக்கும், சில இரவில் முடியும். பட்டறையிலும் முதல் நாளே எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. அதற்காகப் பூட்டி வைப்பதைவிட, வேலைக்குச் சேரும்போதே இரவு நிகழ்ச்சிக்குப் போக்குவரத்து யார் பொறுப்பு, வெளியூர்ப் பயணத்தில் தங்கும் அறை தனியா என்று கேட்கப் பழக்குங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம்.

இன்னொன்றையும் அவள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் நிறுவனமே வண்டி கொடுக்கும், விமானச் சீட்டு கொடுக்கும், நல்ல ஹோட்டலில் சாப்பாடு போடும். அதை ஏற்றுக்கொண்டும் 'இந்த வண்டியின் பின் சீட்டு பெரியவர்களுக்குப் போதாது' என்று எழுத வேண்டும். சில சமயம் அடுத்த அழைப்பு வராமலும் போகலாம். படிக்கிறவர் அந்த வரியை நம்பித்தான் பல்லாயிரம் ரிங்கிட் கடன் எடுக்கிறார். இதைப் பற்றி அவளோடு வீட்டில் பேசுங்கள், அப்பாவும் உடன் இருக்கட்டும்.

இந்த ஆண்டுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எஸ்.பி.எம்.மில் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது, எனவே வண்டிக் கனவில் வரலாற்றைக் கோட்டை விடக் கூடாது. கணிதத்தில் நல்ல கிரெடிட் வேண்டும். வாரம் ஒரு கட்டுரை, ஒரு பக்கம் போதும். ஒன்று அப்பாவின் லோரி, அடுத்தது ஊர் டயர் கடை, அதற்கடுத்து பள்ளிப் பேருந்து. எழுதியதை முதலில் அப்பாவிடம் வாசித்துக் காட்டட்டும். அவர் 'இது தப்பு' என்று சொல்லும் இடத்தைத் திருத்தட்டும். வயது பதினேழு ஆகிவிட்டதால், தேர்வு முடிந்ததும் கார் லைசென்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள். புதிய ஓட்டுநருக்கு இரண்டு ஆண்டு வண்டியில் 'பி' (புதிய ஓட்டுநர்) அடையாளம் ஒட்டி ஓட்ட வேண்டியிருக்கும், சீக்கிரம் எடுத்தால் டிப்ளோமா முடியும்போது அந்தக் காலமும் முடிந்துவிடும். லோரிக்கான இ லைசென்ஸ் 21 வயதுக்கு மேல்தான், அதைப் பிறகு பார்க்கலாம்.

தேர்வு முடிவு வந்ததும் அரசு உயர்கல்விக் கூடங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் பேராங் பாலிடெக்னிக்கை முதலில் போடுங்கள். மதிப்பெண் தாளோடு அவள் அதுவரை எழுதிய கட்டுரைகளையும் எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டு அடுத்த முடிவைச் சேர்ந்தே எடுப்போம்.