விருப்ப ஓய்வு வாங்கலாமா?

கேள்வி: மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் நான். 23 வருட சர்வீஸ். ஒரே பெண் மூன்றாவது, நான்காவது முறையாக அடிபட்டு வந்து நிற்கும்போது, முன்பே தடுத்திருக்கலாமே என்று மனசு கேட்பதில்லை. விருப்ப ஓய்வு வாங்கி, குடும்ப வன்முறையைத் தடுக்க ஓர் அறக்கட்டளை தொடங்கலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் ஓய்வுக் கடிதம் கொடுக்க அவசரம் வேண்டாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜான் கார்னக்கன் என்ற துப்பறியும் அதிகாரிக்கும் இதே தவிப்புதான். கைதுகளால் மட்டும் கத்திக்குத்து குறையாது என்று கண்டவர், 2005-இல் காவல்துறைக்குள்ளேயே வன்முறைத் தடுப்புப் பிரிவைத் தொடங்கினார். டெல்லியில் ஐ.பி.எஸ். அதிகாரி ஆமோத் காந்த் சிறார்களுக்காகப் 'பிரயாஸ்' அமைப்பை 1988-இல் தொடங்கியதும் பணியில் இருக்கும்போதுதான். ஐ.பி.எஸ். அதிகாரிக்குக் கிடைக்கும் ஆதரவு ஆய்வாளருக்குக் கிடைக்குமா என்பீர்கள். கிடைக்காது; அதனால்தான் நிதானமாகப் போகச் சொல்கிறேன்.

எனக்குள்ள கவலை வேறு. ஸ்டேஷனில் என்ன நடக்கிறது? இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைப்பீர்கள். 'இனி அடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்குவீர்கள். பிள்ளைகளைக் காட்டிப் புத்தி சொல்லிச் சேர்த்து அனுப்புவீர்கள். அந்தப் பெண் திரும்பத் திரும்ப அடிபட்டு வருவதற்கு அந்தச் சமரசமும் ஒரு காரணம். அதே பழக்கத்தை அறக்கட்டளைக்கும் கொண்டுபோனால் அது கட்டப் பஞ்சாயத்தாகிவிடும். உங்களைப் பார்த்ததும் கணவர் பயப்படுவார், சரி. ஆனால் அந்தப் பெண்ணும் பயந்து தலையாட்டிவிடுவார்.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் 10-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற அமைப்புகள் 'சேவை வழங்குநர்' என்று அரசிடம் பதிந்துகொள்ளலாம். சம்பவ அறிக்கை எழுதலாம், மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம், காப்பகத்தில் இடம் வாங்கித் தரலாம். அறிக்கையும் காப்பகமும் அந்தப் பெண் விரும்பினால் மட்டுமே என்கிறது சட்டம். நீங்கள் புதிதாகப் பழக வேண்டியது அந்த விருப்பத்துக்குக் காத்திருப்பதைத்தான்.

ஆகவே முதலில் மேலதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே இயங்கும் ஓர் அமைப்பில் விடுமுறை நாட்களில் ஆலோசகர் பக்கத்தில் உட்காருங்கள். சீருடை வேண்டாம், பதவியைச் சொல்லவும் வேண்டாம். ஒரு வருடம் போகட்டும். 20 வருடத் தகுதிப் பணி முடித்தவர் நீங்கள். அப்புறம் 3 மாத நோட்டீஸ் கொடுத்து ஓய்வு பெறலாம். பணிக்கொடையைக் கட்டடத்தில் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைக்கான முறையான பதிவு கேட்கவே அமைப்புக்கு 3 வயதாக வேண்டும். அதுவரை ஒரு நல்ல ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்க அந்தப் பணம் தேவைப்படும்.