டீச்சர் பதில்கள்: கொம்பில் தடுக்கி விழும் பையன்

என் மகன் மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தை முதல் வரியிலிருந்து கடகடவென்று வாசிப்பான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் விழிக்கிறான். 'மேகம்' எழுதச் சொன்னால் 'மகேம்' என்று எழுதுகிறான். ட்யூஷன் அக்கா ஒவ்வொரு தப்புக்கும் 20 தடவை இம்போசிஷன் கொடுக்கிறார். இப்போது ட்யூஷன் நேரம் வந்தாலே வயிற்று வலி என்கிறான். ஆனால் எங்கள் டீக்கடையில் மூன்று டீ, இரண்டு வடை என்றால் மனக்கணக்கிலேயே மீதிச் சில்லறை கொடுத்துவிடுவான். இது சோம்பேறித்தனமா, குறைபாடா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

அவன் வாசிக்கவில்லை அம்மா, ஒப்பிக்கிறான். முழுப் பாடத்தையும் காதால் வாங்கி மனதில் ஏற்றி வைத்திருப்பவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் டிஸ்லெக்ஸியாவாக, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடாக, இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கக் கேளுங்கள்.

அந்த 'மகேம்' இருக்கிறதே, அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓர் எழுத்தைக்கூட அவன் விடவில்லை. 'மே' என்னும்போது காதில் முதலில் விழுவது ம், பிறகுதான் ஏ. தாளில் கொம்பு முதலில், ம பிறகு. அவன் காது சொன்ன வரிசையில் எழுதியிருக்கிறான். 'மோ' இன்னும் பெரும்பாடு: ஒரே சத்தத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் றா, னா, லை எல்லாம் உருவம் மாறின, கொம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. (என்னிடம் படித்த ஒரு குழந்தைக்கு அவள் பாட்டி தும்பிக்கை வைத்த பழைய 'லை' சொல்லிக்கொடுத்து, நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் திண்டாடினோம்.)

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எழுத்து அட்டை செய்யுங்கள். ம, க எல்லாம் கறுப்பு ஸ்கெட்ச்சில். கொம்பும் காலும் சிவப்பில், தனி அட்டைகளாக. நீங்கள் 'மேகம்' என்று சொல்லுங்கள். அவன் ம-வை முதலில் வைக்கட்டும். ஏ சத்தம் கேட்டதும் சிவப்புக் கொம்பை எடுத்து அதற்கு முன்னால் வைக்கட்டும், 'சத்தம் பின்னால, கொம்பு முன்னால' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. அப்புறம் தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் எழுதட்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல், 15 நிமிடம். அவன் இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

இம்போசிஷன் வேண்டாம். நானும் ஒரு காலத்தில் கொடுத்தவள்தான். 'பள்ளி' என்று 50 தடவை எழுதி வரச் சொன்னேன். அந்தப் பெண் 50 தடவையும் பிசகாமல் 'பல்லி' என்று எழுதிக் கொண்டுவந்தாள். தப்பை அவ்வளவு அழுத்தமாகப் பழக்கிவிட்டது நான். உங்கள் ட்யூஷன் அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் கோபமில்லாமல் காட்டுங்கள். கணக்குப் பாடத்தில் கேள்வியை மட்டும் அவர் வாசித்துக் காட்டட்டும், விடை அவன் சொல்வான். டீக்கடையில் அதைத்தானே செய்கிறான்!

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கற்றல் குறைபாடு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். சான்றிதழ் வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்கிறார் என் அக்கா. வாங்கலாமா?
– ஒரு தந்தை, கோவில்பட்டி

வாங்குங்கள். 13 வயதுப் பெண்ணுக்கு இப்போது இருப்பது படிப்புக் கவலை, கல்யாணக் கவலை அல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடாதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். அப்புறம், சொல்வதை எழுதுபவரை வைத்து எழுதுவதும் ஒரு பழக்கம். மனதில் இருப்பதை நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே மகள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிப் பழகுங்கள். மொழிப்பாட விலக்கை மட்டும் அவளிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கல்லூரி படித்துக்கொண்டே வீட்டில் 11 பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். அதில் ஒருவன் ஐந்து நிமிடம்கூட உட்கார மாட்டேன் என்கிறான். மற்றவர்களும் கெடுகிறார்கள். நிறுத்திவிடவா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

உட்கார்ந்தால்தான் படிப்பு ஏறும் என்று யாரம்மா சொன்னது? என்னிடம் அப்படி ஒருவன் வந்தான். ஜன்னல் திட்டில் புத்தகத்தை வைத்து நின்றபடியே படிக்க விட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவருவது அவன் பொறுப்பு. போய்விட்டு வந்தால் அடுத்த பத்து நிமிடம் கணக்கு போடுவான். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். சொம்பு தளும்பும், தரை ஈரமாகும். பக்கத்தில் ஒரு பழைய துணி வைத்துக்கொள்ளுங்கள்.