ஓடும் காரில் பட்டனைத் தொடலாமா?

கேள்வி: பட்டன் ஸ்டார்ட் உள்ள ஆட்டோமேட்டிக் கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. பழைய காரில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நின்றுவிடும். இதில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் எப்படி நிறுத்துவது? ஓடும்போது பட்டனை அழுத்தினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
- ஒரு வாசகி, திருச்சி

பட்டன் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது என்றால், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது. கனமாகும், அவ்வளவுதான். ஓடும்போது தெரியாமல் ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. குழந்தை கை பட்டு இன்ஜின் நின்றுவிடக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் சுமார் 3 விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில கார்களில் அடுத்தடுத்து 3 முறை அழுத்தினாலும் நிற்கும்.

ஆனால் பட்டனுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பிரேக்கை முழுப் பலத்தோடு ஒரே மிதியாக மிதித்து, காலை எடுக்காமல் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும். ஓரங்கட்டி நின்ற பிறகு பட்டனை அழுத்துங்கள். ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் போய்விடும்.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான்டியேகோ அருகே, கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர் ஓட்டிய லெக்சஸ் இஎஸ் 350 மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறந்து விபத்துக்குள்ளானது. அவரோடு சேர்த்துக் குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அது டீலர் தற்காலிகமாகக் கொடுத்த கார். வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள், அதில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டது. தினமும் சாலையில் வேலை பார்த்தவருக்கே இந்த கதி.

அதனால்தான் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எந்தக் கார் வந்தாலும் முதலில் டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கிப் பார்ப்பேன். கம்பெனி மேட், அதன்மேல் ஆக்சசரீஸ் கடைக்காரர் தலையில் கட்டிய தடித்த மேட், அதற்கும் மேல் ஒரு புல் மேட் என்று மூன்று அடுக்கு இருக்கும். கொக்கி ஒன்றிலும் மாட்டியிருக்காது. ஒன்று போதும். அதைக் கொக்கியில் மாட்டுங்கள்.

அதே கடைகளில் சாவி போட்டு ஓட்டும் காருக்குப் பட்டன் வைத்துத் தருகிறோம் என்பார்கள். சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். ஒயரை வெட்டி ஒட்டுகிறார்கள். ஓடும்போது அந்தப் பட்டன் என்ன செய்யும் என்று விற்றவருக்கே தெரியாது. பழைய கார் வாங்கும்போது புரோக்கர் “டாப் மாடல், பட்டன் ஸ்டார்ட்” என்றால், அந்த வேரியண்டில் கம்பெனி பட்டன் கொடுத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் பொறுமையாகப் படியுங்கள். கியர் டிரைவில் இருக்கும்போதே நிறுத்தி, பட்டனை அழுத்தினால் இன்ஜின் நின்றுவிடும். கார் அணைந்துவிட்டது என்று இறங்கிவிடுவீர்கள். பல கார்களில் அது முழுதாக அணைந்திருக்காது. பட்டனில் ஆரஞ்சு விளக்கு எரியும், காலையில் பேட்டரி செத்திருக்கும். அதைவிட மோசம், ஹேண்ட்பிரேக் போடாமல் சரிவில் விட்டிருந்தால் கார் உருண்டுவிடும். ஆகவே பிரேக், ஹேண்ட்பிரேக், பார்க், அப்புறம் பட்டன். பட்டன் விளக்கும் மீட்டரும் அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். சாவி கைப்பையில் இருப்பதால் கார் அணைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். சாவியோடு நீங்கள் நடந்து போனாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இதையெல்லாம் டெலிவரி அன்று ஷோரூமில் சொல்லியிருக்க வேண்டும். மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுக்க அரை மணி நேரம் இருக்கிறது. பட்டனைக் காட்டிச் சொல்ல ஐந்து நிமிடம் இல்லை. ஓட்டுநர் பள்ளியிலும் இதைக் கற்றுத்தருவதில்லை. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே முறை என்றாவது வைத்துத் தொலைத்திருக்கலாம், அதுவும் இல்லை. காரோடு வந்த கையேட்டில் அவசர நிறுத்தம் பற்றிய பக்கத்தைத் தேடி, அதை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒரு ஞாயிறு காலை காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், டிரைவிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளிப் பழகுங்கள். பத்து முறை செய்தால் கை தானாகப் போகும். பட்டனை மட்டும் ஓட்டத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.