பந்தயத் தடத்துக்குப் போகிறவருக்கு எந்த பிரேக் லாபம்?

கேள்வி: மியூனிக்கில் பொறியாளராக வேலை செய்கிறேன். பழைய போர்ஷே 911 ஜிடி3 (991 வரிசை) வாங்க இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் எஃகு பிரேக் டிஸ்க். மற்றதில் கார்பன் செராமிக், விலை 7,000 யூரோ கூடுதல். கோடையில் மாதம் ஒரு முறையாவது நூர்பர்க்ரிங் தடத்தில் ஓட்டுவேன். செராமிக் டிஸ்க் கார் உள்ளவரை உழைக்கும் என்கிறார் விற்பவர். அவசரகாலச் சேமிப்பிலிருந்து அந்த 7,000 யூரோவை எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். எஃகு டிஸ்க் உள்ள காரையே வாங்குங்கள்.

விற்பவர் சொல்வது சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பெருமளவு பொருந்தும். துரு பிடிக்காது, சக்கரத்தில் கரித்தூள் படியாது, வார்ப்பிரும்பு டிஸ்க்கைவிட (எஃகு டிஸ்க் என்று சொல்லப்படுவது உண்மையில் வார்ப்பிரும்புதான்) எடையும் ஏறக்குறைய பாதிதான். தடத்தில் கதை வேறு. அதிவேகத்திலிருந்து திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்கும்போது எழும் வெப்பத்தில், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கார்பன் இழைகள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்து குறைகின்றன. தடிமன் குறையாமலேயே எடை குறையும். அதனால்தான் டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்த்து இதைக் கணிக்க முடியாது.

அந்த எல்லையைத் தொட்டால் செலவு உங்களுடையது. நான்கு செராமிக் டிஸ்க்குகளையும் புதிதாக மாற்ற 15,000 யூரோவுக்கு மேல் ஆகும். தேய்மானப் பாகம் என்பதால் வாரண்டி உதவாது. ஜெர்மனியின் வாகனக் காப்பீட்டிலும் பிரேக்கில் ஏற்படும் சேதம் பொதுவாக விலக்கப்பட்டதுதான். டயர் மாற்றும்போது சக்கரம் டிஸ்க்கின் விளிம்பில் இடித்துச் சில்லு பெயர்ந்தாலும் அந்த டிஸ்க்கை மாற்றும் பில் வரலாம். எஃகு டிஸ்க் ஒரு பருவத்தில் தேய்ந்தாலும் அதை மாற்றும் செலவு இதில் சிறு பங்குதான். முன்கூட்டியே திட்டமிட்டு ஒதுக்கலாம். எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது இதுதான். மாதந்தோறும் கணிக்கக்கூடிய செலவை ஒரு குடும்ப பட்ஜெட் தாங்கும். எப்போது வரும் என்று தெரியாத 15,000 யூரோவைத் தாங்காது, அதுவும் அவசரகாலச் சேமிப்பைக் காலி செய்த பிறகு.

நிற்கும் தூரம் குறையும் என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்றால், ஒரு முறை முழு வேகத்தில் பிரேக் அடிக்கும்போது எல்லை வகுப்பது டயரின் பிடிமானம். செராமிக்கின் ஆதாயம் எடைக் குறைவும், வெப்பத்திலும் தளராத பிரேக்கும். இரண்டும் உண்மையான ஆதாயங்களே. ஆனால் தடத்துக்கேற்ற பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை), அதிக வெப்பம் தாங்கும் புதிய பிரேக் திரவம் இரண்டையும் போட்டால் எஃகு டிஸ்க்கும் உங்கள் ஓட்டத்துக்குப் போதும்.

செராமிக் கார்தான் மற்ற எல்லா வகையிலும் சிறந்தது என்றால் ஒரு வழி உண்டு. பணம் கொடுக்கும் முன் டிஸ்க்கின் தேய்மானத்தை அதற்கான கருவி உள்ள பணிமனையில் அளந்து, எழுத்தில் வாங்குங்கள். பிறகு செராமிக் டிஸ்க்குகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வார்ப்பிரும்பு டிஸ்க் பொருத்தி ஓட்டுங்கள். விற்கும்போது அசலைத் திரும்ப மாட்டினால் காரின் மதிப்பு காக்கப்படும். 991 ஜிடி3-யில் செராமிக் முன் டிஸ்க் 410 மி.மீ., எஃகு 380 மி.மீ.; ஆகவே 410 அளவிலேயே தயாராகும் வார்ப்பிரும்பு டிஸ்க்கைக் கேளுங்கள். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். 7,000 யூரோ கூடுதலை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

தட ஓட்டத்துக்கு உங்கள் காப்பீடு செல்லுமா என்பதையும் கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.