படம் எடுப்பதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நகரியில் வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். மூளையைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு நோயில்லாதவர்களும் தேவை என்று என்னையும் மனைவியையும் எம்.ஆர்.ஐ. எடுக்க அழைத்திருக்கிறார்கள். என்னை மட்டும் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். ஏன்?

பதில்: அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரிலும் வெல்டிங்கிலும் தெறிக்கிற இரும்புத் துகள் கண்ணுக்குள் தங்கி, உறுத்தலே இல்லாமல் வருடக்கணக்கில் கிடக்கலாம். எம்.ஆர்.ஐ. கருவியே ஒரு பெரிய காந்தம்தான். 3 டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) காந்தத்தின் பலம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் சுமார் 60,000 மடங்கு. அதன் அருகே போகும்போது துகள் அசைந்தால் பார்வையே போகலாம். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் அணைவதில்லை. சும்மா எட்டிப் பார்ப்பதும் கூடாது. துகளை டாக்டர் அன்றைக்கே எடுத்துவிட்டார் என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அரைஞாணில் தாயத்து இருந்தால் கழற்றிவிடுங்கள். மனைவி சேலை ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஊக்கு அம்பாகப் பாயும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கருவி அனுப்பும் ரேடியோ அலையில் சங்கிலி சூடாகித் தோலைச் சுடலாம், படத்தையும் கெடுக்கும். தாலியைக் கழற்ற மனம் வராமல் ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வேண்டாம், மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு வரட்டும். ஜரிகையும் உலோகம்தான், அதனால் அங்கே தரும் பருத்தி உடைக்கு மாறிக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் கேட்காமலே சொல்லிவிடுகிறோம். ஒப்புதல் படிவம் தெலுங்கில் மட்டும் இருந்து, உங்களுக்குத் தமிழ்தான் படிக்க வருமென்றால், தமிழில் கேட்டு வாங்குங்கள். புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறையிலேயே இருக்கிறது. “தற்செயலாக மூளையில் ஏதாவது தென்பட்டால் எனக்குச் சொல்வீர்களா?” என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பாதியில் விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த ஆய்வு மாணவி. புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளுக்கு எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தோம். எல்லா எலிகளிலும் தோள்பட்டைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரிகிறது, கட்டியோ மங்கலாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: பளிச்சென்று தெரிவது பழுப்புக் கொழுப்பு. உங்கள் எலிகள் குளிரில் இருந்திருக்கின்றன. நமக்கு இதமான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர்; அதற்கு இதம் 30 டிகிரியை ஒட்டித்தான். குளிர்ந்த உடலைச் சூடாக்கப் பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை இழுக்கிறது. எஃப்.டி.ஜி.யும் சர்க்கரையின் சாயல் கொண்டதால் அங்கேயே போய்ச் சேர்கிறது, கட்டிக்குப் போக வேண்டிய பங்கு குறைந்துவிடுகிறது.

ஊசி போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே எலியை 30 டிகிரிப் பெட்டியில் வையுங்கள். ஊசிக்குப் பிறகான ஒரு மணி நேரமும், ஸ்கேன் முடியும் வரையிலும் அந்தச் சூடு விட்டுப்போகக் கூடாது. எலியைப் பெட்டியிலிருந்து ஸ்கேனருக்கு ஏ.சி. காற்றில் தூக்கிப் போகும் அந்த இடைவெளியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும் எலி தன்னைச் சூடாக்கிக்கொள்ளாது, மளமளவென்று குளிர்ந்துவிடும். மலக்குடல் வெப்பமானி 37 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். மின் மெத்தை ஒரு பக்கம் மட்டும் சூடேறித் தோலைச் சுட்டுவிடுவதுண்டு. வெந்நீர் ஓடும் மெத்தையே மேல்.

பட்டினி 4 முதல் 6 மணி நேரம் போதும், தண்ணீர் இருக்கட்டும். இரவு முழுதும் பட்டினி போட்டால் எலி மெலிந்து, உடலின் இயக்கமே மாறிவிடும். குளுக்கோமீட்டரில் வாலிலிருந்து ஒரு சொட்டு பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மயக்க வாயுவான ஐசோஃப்ளுரேன் மயக்குவதற்கு 3–4 சதவீதம், பிறகு 1.5–2 சதவீதம். அதுவே இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால், எல்லா எலிகளுக்கும் அளவும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கண் திறந்தபடியே கிடக்கும், களிம்பு தடவ மறக்காதீர்கள்.

படத்தில் வாலையும் ஒருமுறை பாருங்கள். ஊசி போட்ட இடத்தில் ஒரு பொட்டு ஒளிர்ந்தால் மருந்து நரம்புக்கு வெளியே கசிந்திருக்கிறது. அந்த எலியின் கணக்கு செல்லாது. ஊசி போடும் முன் வாலை வெதுவெதுப்பாக்கினால் நரம்பு எடுப்பாகத் தெரியும். சிரிஞ்சில் மிச்சம் நிற்கும் மருந்தையும் அளந்து கழியுங்கள். கடிகாரமும் கவனம்: எஃப்.டி.ஜி.யில் இருக்கும் கதிரியக்கப் பொருளான ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகும் நேரம், சுமார் 110 நிமிடம். மருந்தளக்கும் அறைக் கடிகாரத்துக்கும் ஸ்கேனர் கடிகாரத்துக்கும் 10 நிமிடம் வித்தியாசம் இருந்தால், கட்டியில் ஏறிய அளவு 6 சதவீதம் தவறிப்போகும்.

கேள்வி: படம் எடுப்பதுதானே, மனிதரையே எடுக்கலாமே? எலியை ஏன் வதைக்க வேண்டும்? (செங்கோட்டை வாசகர்)

பதில்: மருந்து வேலை செய்கிறதா, நஞ்சாகிறதா என்று தெரியாத நிலையில் மனிதருக்குக் கொடுக்க முடியாது. 1990-இல் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்வு, திருவனந்தபுரத்தில் அதற்கு முன் செம்மறியாடுகளில்தான் சோதிக்கப்பட்டது. ஸ்கேனரால் விலங்குக்கும் நன்மை உண்டு. வாரத்துக்கு 8 எலி வீதம் 5 வாரம் அறுத்துப் பார்த்தால் 40 எலிகள் சாகும். அதே 8 எலிகளைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தால் 8 போதும். ஆய்வின் முடிவில் பெரும்பாலும் அவற்றையும் வலியின்றிக் கொன்று திசுவைப் பார்க்கிறார்கள், அதை மறைப்பதற்கில்லை. நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதித்த பிறகே எதுவும் தொடங்க வேண்டும். கட்டி எந்த அளவுக்கு மேல் வளர்ந்தால் நிறுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. இயற்பியல். இந்தத் துறையில் டாக்டரும் டெக்னீஷியனும் அல்லாதவர்களுக்கு என்ன வேலை? (பாறசாலை வாசகி)

பதில்: நிறைய. எம்.ஆர்.ஐ. சிக்னலைப் பிடிக்கும் காயில் (கம்பிச் சுருள்) செய்வது, படத்தைக் கணினியில் கட்டமைப்பது, கதிரியக்க மருந்தைக் கணக்கிடுவது, தினமும் கருவியைச் சோதிப்பது எல்லாம் அவர்கள் பாடு. எம்.ஆர்.ஐ. அறையில் ஒரு காட்சி: காலையில் முதல் ஆள் வருவதற்கு முன், நிக்கல் அல்லது காப்பர் சல்பேட் கரைத்த தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் உருண்டையைக் காயிலுக்குள் வைப்பார்கள். அதன் பெயர் ஃபேன்டம். உள்ளே தண்ணீர் சுழல்வது அடங்கச் சில நிமிடம் காத்திருந்து, தினமும் ஒரே அமைப்பில் படமெடுத்து, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை நோட்டில் எழுதுவார்கள். எண் திடீரென்று சரிந்தால் காயிலோ இணைப்போ பழுது. படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடினால் வெளி ரேடியோ அலை உள்ளே வருகிறது என்று பொருள். முதலில் அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.