‘யேகர்’ எங்கே போனார்?

கேள்வி: 1740களில் பிலடெல்பியாவில் கப்பலிறங்கிய ஜெர்மானிய மூதாதை யேகரைப் பதிவேடுகளில் காணோம். எப்படித் தேடுவது?

பதில்: எழுத்தை விடுங்கள், ஒலியைப் பிடியுங்கள். யேகரை ஜெர்மனில் Jäger என்று எழுதுவார்கள்; முதலெழுத்தான ‘ஜே’யின் உச்சரிப்பு ‘ய’. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி ‘ஒய்’ போட்டிருப்பார். நடுவிலுள்ள ‘ஜி’, ‘கே’ ஆகியிருக்கலாம். யேகர் என்றால் வேட்டைக்காரர்; அந்தப் பொருளைப் பெயர்த்து ‘ஹண்டர்’ ஆனவர்களும் உண்டு.

1727 முதல் அங்கே வந்திறங்கிய, 16 வயது நிரம்பிய ஜெர்மானிய ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல்கள்கூட இருக்கும். கப்பல் தலைவனுடையதை நம்பி உட்காராதீர்கள், அது கேட்டெழுதியது. பிரமாணத் தாள்களில் அவரே இட்ட கையெழுத்துதான் நல்ல சாட்சி. கையெழுத்துக்குப் பதில் வெறும் கீறல் இருந்தால், பெயரை எழுதியது குமாஸ்தா!

‘யோஹான் கேயார்க்’ என்றிருந்தால் ‘கேயார்க்’ என்றும் தேடுங்கள்; அழைத்த பெயர் அதுவே. தேவாலயப் பதிவேட்டில் ‘யேகரின்’ என்றால் அக்குடும்பப் பெண்.